நாடும் ஆட்சியும்: ஒரே மூட்டையில் கட்டிவைத்த நான்கு கேள்விகள்

கேள்வி சுருக்கமாக இது: "முடியாட்சி, குடியரசு, மக்களாட்சி, கூட்டாட்சி, ஒற்றையாட்சி, நாடாளுமன்ற முறை, அதிபர் முறை என்று ஆட்சி வகைகளை வரிசையாகப் படிக்கிறோம். ஒரு நாடு இதில் ஏதாவது ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? இந்தியாவை ஒரு பக்கத்தில் குடியரசு என்கிறார்கள், அடுத்த பக்கத்தில் கூட்டாட்சி, அதற்கடுத்து நாடாளுமன்ற முறை. எது சரி? அப்புறம் நாடு, தேசம், அரசு, அரசாங்கம் நான்கும் ஒன்றுதானா?"

மூன்றும் சரிதான். குழப்பம் அந்த வரிசையில் இருக்கிறது. ஒருவரைப் பற்றி "நெட்டையானவர், இடதுகைப் பழக்கம், கணக்காளர்" என்று சொன்னால் இதில் எது சரி என்று யாரும் கேட்பதில்லை. உயரம், கை, தொழில் மூன்றும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள். ஆட்சிமுறைச் சொற்களும் அப்படித்தான். உச்சிப் பதவிக்கு ஆள் எப்படி வருகிறார் என்பது ஒரு கேள்வி. அன்றாடம் ஆள்பவரை வீட்டுக்கு அனுப்பும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது இன்னொன்று. அதிகாரம் நிலத்தின் மேல் எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்பது மூன்றாவது. ஆள்பவர்களை மக்களால் நிஜமாகவே மாற்ற முடியுமா என்பது நான்காவது. பாடப்புத்தகங்கள் இந்த நான்கின் பதில்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி "ஆட்சி வகைகள்" என்று தலைப்புப் போட்டுவிடுகின்றன.

மூட்டையை அவிழ்ப்பதற்கு முன், ஆள்வதற்கு ஒரு நிலம் வேண்டுமல்லவா, அங்கிருந்து வருவோம். அரசியல் புவியியல் என்ற படிப்பின் வேலையே அதிகாரமும் நிலமும் ஒன்றையொன்று எப்படி வளைக்கின்றன என்று பார்ப்பதுதான்.

முதலில் நாடு, தேசம், அரசு, அரசாங்கம் என்ற அந்த நான்கு சொற்கள். அரசாங்கம் என்பது இன்றைக்கு ஆட்சியில் இருக்கும் ஆட்கள். தேர்தலில் தோற்றால் போய்விடுவார்கள். அரசு போகாது. முந்தைய ஆட்சி வாங்கிய வெளிநாட்டுக் கடனை அடுத்த ஆட்சி கட்டியாக வேண்டும். கையெழுத்துப் போட்டது அந்த அரசாங்கம், கடனாளி அரசு. பெல்ஜியத்தில் 2010 தேர்தலுக்குப் பிறகு கட்சிகள் ஒத்துப்போகாமல் 541 நாட்கள் புது அமைச்சரவை அமையவே இல்லை. தோற்றுப்போன பழைய அமைச்சரவை இடைக்காலமாக வண்டியை ஓட்டியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சுழற்சித் தலைமை அப்போது பெல்ஜியத்தின் முறை. அதையும் அந்த இடைக்கால அமைச்சர்களே நடத்திமுடித்தார்கள். பெல்ஜியம் என்ற அரசுக்கு ஒரு கீறலும் விழவில்லை. நம் செய்தித்தாள்களில் "அரசு அறிவித்தது" என்று அரசாங்கத்தைச் சொல்கிறோம், அதனால் இந்தக் கோடு தமிழில் கொஞ்சம் அழிந்துபோயிருக்கிறது. இந்தப் பதிலில் அரசு என்றால் நிலைத்து நிற்பது, அரசாங்கம் என்றால் வந்து போவது.

தேசம் மனதில் இருப்பது. மொழியோ வரலாறோ வேறு எதுவோ, "நாமெல்லாம் ஒன்று" என்று ஒரு மக்கள் கூட்டம் நினைத்தால் அது தேசம். குர்துகள் துருக்கி, ஈராக், ஈரான், சிரியா என்று பல நாடுகளில் பரவியிருக்கிறார்கள். தேசம் உண்டு, தனி அரசு இல்லை. கொரியர்கள் ஒரே தேசம், 1948 முதல் இரண்டு அரசுகள். ஒரு தேசமும் ஒரு அரசும் ஏறக்குறைய அச்சாகப் பொருந்தினால் அதைத் தேசிய அரசு என்பார்கள். ஐஸ்லாந்தும் ஜப்பானும் அதற்கு நெருங்கி வரும். மற்றபடி உலகத்தின் பெரும்பாலான அரசுகள் பல மக்களினங்களை ஒரே கூரையின் கீழ் வைத்திருப்பவைதான். நாடு என்ற சொல் இவை எல்லாவற்றுக்கும் பொதுவாகப் புழங்குகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் நாடு என்பது சில ஊர்கள் சேர்ந்த வட்டாரம். அதற்கு மேலே வளநாடு, மண்டலம் என்று போகும். பழகிய சொல்தான், ஆனால் துல்லியமாகப் பேசும்போது அதை நம்ப முடியாது.

ஓர் அரசுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் காட்டுவது 1933-இல் உருகுவேயின் மொண்டேவிடியோ நகரில் அமெரிக்கக் கண்ட நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையை. நிரந்தரமாக வாழும் மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, ஓர் அரசாங்கம், மற்ற அரசுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் திறன். இந்த நான்கையும் கட்டிப்பிடிக்கும் சரடு இறையாண்மை: உள்ளே கடைசி வார்த்தை தன்னுடையது, வெளியே யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இந்த எண்ணம் 1648-இல் ஐரோப்பாவில் கையெழுத்தான வெஸ்ட்பேலியா அமைதி ஒப்பந்தங்களில் பிறந்தது என்று வழக்கமாகச் சொல்வார்கள். ஒரே நாளில் பிறந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஒரு கருத்துக்குப் பிறந்தநாள் தேடும் பழக்கம்தான் அது.

ஏட்டில் நான்கு தகுதி போதும். நடப்பில் மற்றவர்கள் ஏற்றுக்கொள்கிறார்களா என்பதுதான் வழக்கைத் தீர்க்கிறது. தைவானுக்கு மக்கள், நிலம், தேர்ந்தெடுத்த அரசாங்கம், படை, நாணயம் எல்லாம் இருக்கிறது. ஆனால் 1971-இல் ஐ.நா.வில் சீனாவுக்கான இருக்கை தைவானிடமிருந்து பெய்ஜிங்கின் கைக்குப் போனதிலிருந்து அது வெளியே நிற்கிறது. 1991-இல் சோமாலியாவிலிருந்து பிரிந்ததாக அறிவித்த சோமாலிலாந்துக்கும் சொந்த நாணயமும் தேர்தலும் உண்டு, ஐ.நா. இருக்கை இல்லை. ஐ.நா.வில் இப்போது 193 உறுப்பினர்கள். கடைசியாக உள்ளே வந்தது 2011-இல் தெற்கு சூடான்.

சரி, எல்லைக்கு வருவோம். எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த பகுதி இது. மலை, ஆறு போன்ற இயற்கை எல்லைகள், அளவுகோல் வைத்து இழுத்த நேர்கோட்டு எல்லைகள் என்று எல்லாப் புத்தகமும் பிரிக்கும். பிரிவு சரி. ஆனால் "இயற்கை" என்ற சொல் ஏமாற்றும். மலைத்தொடரில் கோடு எங்கே ஓடுகிறது என்பதை எப்போதும் மனிதர்கள்தான் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே பிரனீஸ் மலை. 1659-இல் போட்ட ஒப்பந்தத்தின்படி மலையின் வடபக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கின் 33 கிராமங்கள் பிரான்சுக்குப் போக வேண்டியிருந்தது. யீவியா என்ற ஊர் மட்டும் போகவில்லை. ஏன்? ஒப்பந்தத்தில் "கிராமங்கள்" என்று எழுதியிருந்தது; யீவியாவுக்கு நகர அந்தஸ்து இருந்தது. அந்த ஒரு சொல்லால் இன்றைக்கும் யீவியா நாலாபுறமும் பிரான்ஸ் சூழ்ந்த ஸ்பெயின் நிலமாக உட்கார்ந்திருக்கிறது.

ஆறு இன்னும் மோசம், அது நகரும். அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் ரியோ கிராண்டே ஆறு எல்லை என்று 1848-இல் முடிவானது. 1860-களில் வெள்ளம் வந்து அமெரிக்க நகரான எல் பாசோ அருகே ஆறு தெற்கே நகர்ந்துகொண்டது. மெக்சிகோவின் சுமார் 600 ஏக்கர் நிலம் ஆற்றின் வடகரைக்கு, அதாவது அமெரிக்கப் பக்கத்துக்கு, வந்துவிட்டது. எல்லை ஆற்றோடு போகுமா, பழைய இடத்திலேயே நிற்குமா? இந்தச் சண்டை தீர 1963 வரை ஆனது. பெரும்பகுதி மெக்சிகோவுக்குத் திரும்பியது. ஆறு மறுபடி ஓடிவிடாமல் கான்கிரீட் கால்வாய்க்குள் அடைத்தார்கள்.

நேர்கோட்டு எல்லைகளில் எல்லோருக்கும் தெரிந்தது அமெரிக்காவும் கனடாவும் பங்கிடும் 49-ஆம் அட்சக்கோடு. என்னைக் கேட்டால் அதைவிட எகிப்து, சூடான் எல்லைதான் பாடம் நடத்தும். 1899-இல் பிரிட்டிஷார் 22-ஆம் வட அட்சக்கோட்டை எல்லையாக வைத்தார்கள். மேய்ச்சல் மக்களின் போக்குவரத்து அந்தக் கோட்டை மதிக்கவில்லை. எனவே 1902-இல் நிர்வாக வசதிக்காக இன்னொரு வளைந்த கோடு போட்டார்கள். அதன்படி கடலோரத்து ஹலாயிப் முக்கோணம் சூடானுக்கு. உள்ளே கிடந்த பிர் தாவில் என்ற சுமார் 2,060 சதுர கி.மீ. பாலை எகிப்துக்கு. விடுதலைக்குப் பிறகு இரண்டு நாட்டுக்கும் ஹலாயிப்தான் வேண்டும். எகிப்து 1899 கோட்டைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கோட்டின்படி பிர் தாவில் சூடானுடையது. சூடான் 1902 கோட்டைப் பிடித்துக்கொண்டது. அதன்படி பிர் தாவில் எகிப்துடையது. பிர் தாவிலை உரிமை கொண்டாடும் நாடு அந்தக் கணமே ஹலாயிப் வழக்கில் தோற்றுப்போகும். அதனால் இருவரும் "அது என்னுடையதில்லை" என்கிறார்கள். அண்டார்க்டிகாவுக்கு வெளியே எந்த அரசும் கோராத நிலம் என்று அதைச் சொல்வதுண்டு.

எல்லைக்கு உள்ளே வாழ்பவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் பார்லே ஊருக்குப் போக வேண்டும். நெதர்லாந்துக்குள் 22 துண்டுகளாக பெல்ஜியம் சிதறிக் கிடக்கும் ஊர் அது. இடைக்காலப் பிரபுக்கள் வயலும் தோட்டமுமாகப் பங்குபோட்டதன் மிச்சம். கோடு வீடுகளுக்குள்ளேயே ஓடுகிறது. வாசல் கதவு எந்த நாட்டில் இருக்கிறதோ வீடு அந்த நாட்டுக்குச் சொந்தம் என்பது அங்கே வழக்கம். ஒரு வீட்டில் கோடு கதவின் நடுவிலேயே ஓடுகிறது; அந்த வீட்டுக்கு இரண்டு கதவிலக்கங்கள்.

ஆப்பிரிக்காவின் எல்லைகள் எல்லாம் ஐரோப்பிய வல்லரசுகள் கூடிய 1884-85 பெர்லின் மாநாட்டில் அளவுகோலால் கிழித்தவை என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. அங்கே ஆப்பிரிக்கர் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை என்பது சரி. ஆனால் மாநாடு பங்குபோடும் விதிகளைப் பேசியது. கோடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் இரண்டிரண்டு நாடுகளாகப் பேசி இழுத்தவை. அதிகம் பேசப்படாத மறுபாதி 1964-இல் நடந்தது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகள் கெய்ரோவில் கூடி, விடுதலையின்போது இருந்த எல்லைகளையே மதிப்போம் என்று தீர்மானம் போட்டன. கோணல் கோடு என்று எல்லோருக்கும் தெரியும். ஒன்றைத் திருத்தப் போனால் எல்லாம் சரியும் என்பதும் தெரியும்.

எல்லை கடலுக்குள்ளும் போகிறது. 1982-இன் ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கைப்படி கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கி.மீ. வரை அந்த நாட்டின் கடல். 200 கடல் மைல் வரை மீனும் எண்ணெயும் அந்த நாட்டுக்கு, ஆனால் மற்றவர்களின் கப்பல் தாராளமாகப் போகலாம். இது பிரத்தியேகப் பொருளாதார மண்டலம். இங்கேதான் ஒரு துண்டுப் பாறைக்கும் விலை வந்துவிடுகிறது. ஒரு புள்ளியை வைத்து 200 கடல் மைல் வட்டம் போட்டால் ஏறத்தாழ 4.3 லட்சம் சதுர கி.மீ. கடல் உள்ளே வரும். ஜப்பானின் ஒகினோதோரிஷிமாவில் கடல் ஏறும்போது தண்ணீருக்கு மேலே தெரிவது சில சதுர மீட்டர் பவளப்பாறை மட்டுமே. அதைச் சுற்றி ஜப்பான் கான்கிரீட் அரண் கட்டிக் காத்துவருகிறது. மனிதர் வாழ முடியாத பாறைக்குப் பொருளாதார மண்டலம் கிடையாது என்கிறது உடன்படிக்கை. அது தீவு என்கிறது ஜப்பான், பாறை என்கின்றன சீனாவும் தென்கொரியாவும்.

நாட்டின் வடிவம் பற்றி நிறைய பாகுபாடு படிக்கச் சொல்வார்கள்: அடக்கமானது, நீண்டது, சிதறியது, ஓட்டை விழுந்தது. சிலி 4,300 கி.மீ. நீளம், தென்னாப்பிரிக்காவுக்குள் லெசோத்தோ ஒரு ஓட்டை. தேர்வுக்குப் படித்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் அதில் சாரம் குறைவு. கடல் இருக்கிறதா இல்லையா என்பதுதான் காசு விஷயம். 1993-இல் எரித்திரியா பிரிந்ததும் எத்தியோப்பியா கடற்கரையே இல்லாத நாடானது. இன்று அதன் சரக்கில் மிகப் பெரும்பங்கு அண்டை நாடான ஜிபூட்டியின் துறைமுகம் வழியாகப் போகிறது. 1879-இல் தொடங்கிய போரில் சிலியிடம் கடற்கரையைப் பறிகொடுத்த பொலிவியா இன்றும் கடற்படை வைத்திருக்கிறது, டிடிகாக்கா ஏரியில்.

இனி அந்த நான்கு கேள்விகள்.

உச்சியில் இருப்பவர் எப்படி வந்தார்? பரம்பரை வழியென்றால் முடியாட்சி, இல்லையென்றால் குடியரசு. அவ்வளவுதான். குடியரசு என்ற சொல்லுக்கு "மன்னர் இல்லை" என்பதைத் தாண்டி வாக்குறுதி எதுவும் கிடையாது. வடகொரியாவின் முழுப்பெயரில் மக்கள், சனநாயகம், குடியரசு மூன்றும் இருக்கிறது. சுவீடனுக்கு மன்னர் இருக்கிறார். எங்கே ஆட்சியாளரைத் தேர்தலில் மாற்ற முடியும் என்று சொல்லத் தேவையில்லை. மன்னர்களிலும் ஆள்பவர், அமர்ந்திருப்பவர் என்று இரண்டு வகை. சவூதி அரேபியாவிலும் புருனேயிலும் மன்னரே ஆள்கிறார். ஜப்பானிலும் நார்வேயிலும் முத்திரை அவருடையது, முடிவு அமைச்சரவையுடையது. விதிவிலக்குகள்தான் இங்கே சுவாரசியம். மலேசியாவின் மாமன்னர் பதவி ஒன்பது அரச குடும்பங்களுக்குள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சுற்றிவருகிறது. அந்தோராவுக்கு இரண்டு இளவரசர்கள்: ஒருவர் ஸ்பெயினின் ஊர்கெல் ஆயர், மற்றவர் பிரான்சின் அதிபர். மன்னரின் தலையை வெட்டிக் குடியரசான நாட்டில் தேர்தலில் வெல்பவர், அடுத்த நாட்டுக்கு இளவரசராகிறார்.

ஆள்பவரை யார் வீட்டுக்கு அனுப்பலாம்? நாடாளுமன்ற முறைக்கும் அதிபர் முறைக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இதில்தான் இருக்கிறது. நாடாளுமன்ற முறையில் பிரதமர் அவையின் நம்பிக்கையில் வாழ்கிறார். அது போனால் அன்றே கதை முடிந்தது. 1979 மார்ச்சில் பிரிட்டனின் ஜேம்ஸ் காலகன் 311-க்கு 310 என்று ஒரே ஒரு வாக்கில் வீழ்ந்தார். 1999 ஏப்ரலில் வாஜ்பாய் 269-க்கு 270, அதுவும் ஒரே வாக்கு. இருவர் மேலும் குற்றச்சாட்டு எதுவும் நிரூபிக்கத் தேவைப்படவில்லை. "எங்களுக்கு உங்கள்மேல் நம்பிக்கை இல்லை" என்பது போதுமான காரணம்.

அமெரிக்க அதிபருக்கு நம்பிக்கை இல்லை என்று அவை ஆயிரம் தடவை சொன்னாலும் அவர் நாலு வருடம் இருப்பார். நீக்க வேண்டுமானால் குற்றம் சாட்டி, மேலவையான செனட்டில் விசாரித்து, மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வாங்க வேண்டும். 1868-இல் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரு வாக்கில் தப்பினார். கிளிண்டன் தப்பினார், டிரம்ப் இரண்டு தடவை தப்பினார். இந்த வழியில் இதுவரை எந்த அதிபரும் பதவி இழந்ததில்லை. நிக்சன் 1974-இல் அதற்கு முன்பே தானாக விலகிக்கொண்டார். இதன் மறுபக்கம், அதிபருக்கும் அவையைக் கலைக்கும் அதிகாரம் கிடையாது. இருவரும் முறைத்துக்கொண்டால் உடைக்க வழியே இல்லை. 2018-19-இல் செலவு மசோதாவில் இழுபறியாகி 35 நாட்கள் மத்திய அலுவலகங்களில் ஒரு பகுதி மூடிக்கிடந்தது அப்படித்தான். நாடாளுமன்ற முறையில் இப்படி ஒரு முட்டுக்கட்டை வந்தால் அரசாங்கம் விழும் அல்லது தேர்தல் வரும்.

அதிபர் முறை நிலையானது, நாடாளுமன்ற முறை ஆட்டம் காணும் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் அதை அப்படியே ஏற்கமாட்டேன். ஜெர்மனியைப் பாருங்கள். 1920-களில் அவர்கள் நாடாளுமன்றத்தில் எதிரும் புதிருமான கட்சிகள் கவிழ்ப்பதற்கு மட்டும் கைகோத்தன, அடுத்தவரை அமர்த்தத் துப்பில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எழுதிய சட்டத்தில் அதற்கு ஒரு பூட்டுப் போட்டார்கள்: அடுத்த ஆளைத் தேர்ந்தெடுத்தால்தான் இருப்பவரை நீக்கலாம். இதுவரை ஒரே ஒருமுறை, 1982-இல், ஹெல்முட் ஷ்மிட்டை நீக்கி ஹெல்முட் கோல் வந்தபோது அந்தப் பூட்டு திறந்தது.

இரண்டையும் கலந்தது பிரான்ஸ். 1958-இன் அரசமைப்பில் அதிபரும் உண்டு, அவைக்குப் பதில் சொல்லும் பிரதமரும் உண்டு. இருவரும் ஒரே கட்சி என்றால் அதிபர் ராஜா. எதிர்க்கட்சி அவையைப் பிடித்துவிட்டால் அதிபர் அந்தக் கட்சிக்காரரையே பிரதமராக வைத்துக் குடும்பம் நடத்த வேண்டும். 1986, 1993, 1997 என்று மூன்று தடவை நடந்தது. அலுத்துப்போய், 2000-இல் அதிபரின் ஏழாண்டுக் காலத்தை அவையைப் போல ஐந்தாக்கினார்கள்.

பதவிப் பெயரைப் பார்த்து மட்டும் ஏமாற வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் ஆள்பவர் பெயர் அதிபர், ஆனால் அவரைத் தேர்ந்தெடுப்பதும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் இறக்குவதும் நாடாளுமன்றமே. குணத்தில் அவர் பிரதமர். ஜெர்மனியிலும் இந்தியாவிலும் குடியரசுத் தலைவர் இருக்கிறார், ஆள்பவர் அவர் இல்லை. சுவிட்சர்லாந்து எதிலும் அடங்காது: ஏழு பேர் குழுவாக ஆள்கிறார்கள், தலைமை ஆண்டுக்கு ஒருவர், அவையே தேர்ந்தெடுத்தாலும் நடுவில் நீக்க அதற்கு வழியில்லை.

மூன்றாவது கேள்வியில்தான் புவியியல் மறுபடி உள்ளே வருகிறது. மாநிலங்கள் இருந்தால் கூட்டாட்சி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, சீனாவில் மாகாணங்கள் இருக்கின்றன, அது ஒற்றையாட்சி. நான் வைத்திருக்கும் சோதனை எளிது: மைய அரசு தனியாக உட்கார்ந்து கீழ்மட்ட அரசின் அதிகாரத்தை அழித்துவிட முடியுமா? முடிந்தால் ஒற்றையாட்சி. லண்டன் பெருநகர மன்றம் பிரதமர் தாட்சரின் அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றது. நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது, 1986-இல் மன்றமே இல்லை. 1999 முதல் ஸ்காட்லாந்துக்குச் சொந்த நாடாளுமன்றம் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது லண்டன் கொடுத்தது. கூட்டாட்சியில் இரண்டு மட்டத்தின் அதிகாரமும் ஒரே அரசமைப்பிலிருந்து வருகிறது. ஒருவர் மற்றவருக்குக் கொடுத்தது கிடையாது.

இந்தச் சோதனையில் இந்தியாவை வைத்தால் கொஞ்சம் நெளியும். பட்டியல் போட்டு அதிகாரத்தைப் பிரித்திருக்கிறார்கள், அதை மையம் தனியாக மாற்ற முடியாது. அந்த வகையில் கூட்டாட்சி. ஆனால் அரசமைப்பின் 3-ஆம் பிரிவின்படி மாநிலத்தின் எல்லையை நாடாளுமன்றமே மாற்றலாம். மாநிலத்தின் கருத்தைக் கேட்டால் போதும், சம்மதம் தேவையில்லை. 2014-இல் ஆந்திரச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்தது, தெலங்கானா உருவானது. அமெரிக்காவில் மாநிலத்தின் சம்மதம் இல்லாமல் அதன் நிலத்தைத் தொட முடியாது. எழுதாமல் விட்டுப்போன அதிகாரங்கள் அங்கே மாநிலங்களுக்கு, இந்தியாவிலும் கனடாவிலும் மையத்துக்கு. மேலவையிலும் இதே வித்தியாசம். 2020 கணக்கெடுப்பில் 3.95 கோடி பேர் இருந்த கலிபோர்னியாவுக்கும் 5.77 லட்சம் பேர் இருந்த வயோமிங்குக்கும் செனட்டில் ஆளுக்கு இரண்டு இடம். மாநிலங்களவையில் உத்தரப் பிரதேசத்துக்கு 31, கோவாவுக்கு 1. கூட்டாட்சி என்பது ஒரு புள்ளியில் நிற்பதில்லை, நீளமான கோடு. இந்தியா அதில் மையத்துப் பக்கமாக நிற்கிறது.

அளவும் இதைத் தீர்மானிப்பதில்லை. செயின்ட் கிட்ஸ், நெவிஸ் என்ற இரண்டு கரீபியத் தீவுகள், சேர்த்து ஐம்பதாயிரத்தை ஒட்டிய மக்கள், அது ஒரு கூட்டாட்சி. சின்னத் தீவான நெவிசுக்குப் பிரியும் உரிமையையும் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். 1998-இல் வாக்கெடுப்பு வைத்தார்கள்; சுமார் 62 விழுக்காடு பிரியலாம் என்றது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், எட்டவில்லை.

கூட்டாட்சியைவிட இன்னும் தளர்வான கட்டு, அரசுகளின் கூட்டமைப்பு. உறுப்பு அரசுகள் இறையாண்மையைத் தங்களிடமே வைத்துக்கொண்டு சில வேலைகளுக்கு மட்டும் சேர்ந்திருக்கும். 1781 முதல் 1789 வரை அமெரிக்கா அப்படித்தான் இருந்தது. மைய அவைக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. இறக்குமதிக்கு ஐந்து விழுக்காடு வரி போட்டு விடுதலைப் போர்க்கடனைக் கட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. 13 மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். ரோட் ஐலண்ட் என்ற குட்டி மாநிலம் மாட்டேன் என்றது, யோசனை செத்தது. அப்படிப்பட்ட அனுபவங்கள்தான் அவர்களைப் புது அரசமைப்புக்குத் தள்ளின. இன்றைய ஐரோப்பிய ஒன்றியம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பொது நாணயமும் உறுப்பு நாட்டுச் சட்டத்தை மிஞ்சும் பொதுச் சட்டமும் உண்டு. ஆனால் கதவு திறந்தே இருக்கிறது, 2020-இல் பிரிட்டன் அதன் வழியாக வெளியேறியது.

இப்போது சொற்களைச் சேர்த்துப் பாருங்கள். இந்தியா: குடியரசு, நாடாளுமன்ற முறை, மையம் கனத்த கூட்டாட்சி. மலேசியா: முடியாட்சி, நாடாளுமன்ற முறை, கூட்டாட்சி. ஜப்பான்: முடியாட்சி, நாடாளுமன்ற முறை, ஒற்றையாட்சி. அமெரிக்கா: குடியரசு, அதிபர் முறை, கூட்டாட்சி.

நான்காவது கேள்வியை இந்த வரிகளில் சேர்க்கவில்லை, ஏனென்றால் அதற்கு அரசமைப்பைப் படித்தால் மட்டும் பதில் கிடைக்காது. தேர்தல் நடக்கிறதா என்று கேட்பது போதாது. ஆள்பவர் தோற்க வாய்ப்பு இருக்கிறதா, தோற்றால் இறங்குவாரா என்று கேட்க வேண்டும். யாருக்கு வாக்கு என்பதையும் கேட்க வேண்டும். சட்டங்களையே மக்கள் வாக்கெடுப்பில் தீர்மானிக்கும் சுவிட்சர்லாந்தில் பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குரிமை வந்தது 1971-இல்தான். அதுவரை ஆண்கள் மட்டும் வாக்களித்து, பெண்களுக்கு வாக்கு வேண்டுமா என்று முடிவு செய்துகொண்டிருந்தார்கள். அதன் மாநிலங்களில் ஒன்றான அப்பன்செல் உள்மாவட்டம் 1990 வரை பிடிவாதம் பிடித்து, கடைசியில் நீதிமன்ற உத்தரவால்தான் இறங்கிவந்தது.

வாக்கு எல்லோருக்கும் இருந்தாலும் தொகுதிக் கோட்டை யார் போடுகிறார்கள் என்ற விஷயம் மிச்சம் இருக்கிறது. 50 வாக்காளர்கள், பத்துப் பேருக்கு ஒன்றாக ஐந்து தொகுதிகள் என்று வையுங்கள். குடைக் கட்சிக்கு 30 பேர், சாவிக் கட்சிக்கு 20 பேர். ஒவ்வொரு தொகுதியிலும் ஆறு குடை, நான்கு சாவி வரும்படி கோடு போட்டால் ஐந்தும் குடைக்கே. இப்போது சாவிக் கட்சியிடம் பென்சிலைக் கொடுங்கள். இரண்டு தொகுதிகளில் ஒன்பது ஒன்பது குடைக்காரர்களை அடைத்துவிடுவார்கள். மிச்சம் 12 குடை, 18 சாவி. மற்ற மூன்று தொகுதிகளிலும் நான்குக்கு ஆறு. சிறுபான்மைக் கட்சி மூன்றுக்கு இரண்டு என்று ஆட்சியைப் பிடித்துவிட்டது. ஒரு வாக்காளர்கூட மனம் மாறவில்லை, ஒரு கள்ள வாக்கும் விழவில்லை.

இது 1812-லேயே பெயர் வாங்கிய வித்தை. மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி ஒப்பமிட்ட வரைபடத்தில் ஒரு தொகுதி வளைந்து நெளிந்து சாலமாண்டர் என்ற பல்லி போன்ற உயிரியை ஒத்திருந்தது. ஜெர்ரியையும் அந்த உயிரியையும் சேர்த்து எதிரிகள் ஜெர்ரிமாண்டர் என்று வைத்த பெயர் இன்றுவரை நிலைத்துவிட்டது. இதைத் தடுக்கப் பல நாடுகள் கோடு போடும் வேலையைக் கட்சிகளிடமிருந்து பிடுங்கித் தனி ஆணையத்திடம் கொடுத்திருக்கின்றன. இஸ்ரேல் இன்னும் ஒரு படி மேலே. அங்கே நாடு முழுக்க ஒரே தொகுதி. கட்சி வாங்கிய வாக்கு விகிதத்தில் 120 இடங்களையும் பங்கிடுகிறார்கள். கோடே இல்லாத இடத்தில் கோட்டை வளைக்க முடியாது. ஆனால் உங்கள் ஊரின் குறையைச் சொல்ல எந்த உறுப்பினரின் கதவைத் தட்டுவது என்று கேட்டால், அங்கே யாரையும் கைகாட்ட முடியாது.